கட்டவிழ்ந்த சொல்: ஆங்கிலத்தில் கட்டுமரம்

செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார் தொல்காப்பியர். அவற்றுள் திரிசொல்லை மேலும் இரண்டாகப் பகுத்தார். ஒரே பொருளைக் குறித்துவரும் பல சொற்கள் ஒருவகை. பல பொருள்களைக் குறித்துவரும் ஒரே சொல் மற்றொரு வகை. பிற நிலத்திலிருந்து வந்து வழங்கும் சொல் திசைச்சொல் எனப்பட்டது. இவ்வகைப்பாடு தமிழ்ச் செய்யுளுக்காகச் செய்யப்பட்டதே. ஆயினும், தமிழிலிருந்து புறப்பட்டுப் பிறமொழிகளிற் குடியேறிய சொற்களின் வரலாற்றை அளந்து காண்பதற்கும் இது நல்லதோர் அளவுகோலாகும்.

சோழமண்டலக் கடற்கரையில் இயற்சொல்லாக வழங்கிய ஒரு சொல், ஆங்கிலத்துள் திசைச்சொல்லாகப் புகுந்தது. அங்கேயே பல பொருள் குறித்த திரிசொல்லாயிற்று. இன்று தன் பிறந்தகத்துக்கே திசைச்சொல்லாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அச்சொல் கட்டுமரம். ஆங்கிலேயர் நாவில் அது ‘கேட்டமரான்’. ஆங்கில அகராதிகளில் இடம்பெற்ற தமிழ்ச் சொற்கள் பல. சுருட்டும் கறியும் மிளகுதண்ணீரும் அங்குச் சென்றும் ஏறக்குறைய அவையாகவே இருக்கின்றன. கட்டுமரமோ வெடிப்பெட்டியாகவும், வசைச்சொல்லாகவும், பனிச்சறுக்கு வண்டியாகவும், பந்தயப் படகாகவும் வடிவெடுத்தது. இத்துணை வேடங்களைப் புனைந்த தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

சொல்லின் உள்ளமைப்பு

கட்டுமரம் என்பது வினைத்தொகை. கட்டு என்னும் வினைப்பகுதியும் மரம் என்னும் பெயரும் சேர்ந்து நிற்க, காலம் உள்ளே மறைந்திருக்கிறது. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்துக்கும் விரித்துப் பொருள் கொள்ளலாம். ஊறுகாய், சுடுகாடு போன்ற தொகைகளுக்கும் இவ்விலக்கணம் பொருந்தும். ஆயினும் கட்டுமரத்தில் இலக்கணமும் வாழ்க்கையும் ஒன்றி நிற்கும் பொருத்தம் வியப்புக்குரியது.

கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையிலும், அதற்குத் தெற்கே பாலாறு கடலொடு கலக்கும் வாயலூர்ப் பக்கம் வரையிலும், கரை பெரும்பாலும் திறந்த மணற்கரை. அலைகள் கரையை ஒட்டியே உடைந்து விழுகின்றன. பெரிய கலங்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. இவ்வலையில் ஆணியடித்த மரக்கலம் தரைதட்டினால் பலகை பிளக்கும். நீர் புகுந்தால் அமிழும். கட்டுமரத்துக்கு அவ்வச்சமில்லை. எடை குறைந்த மரத்துண்டுகள் சிலவற்றைச் செதுக்கி, நடுமரம் நீண்டு முன்னே மேல்நோக்கி வளைந்திருக்குமாறு அடுக்கிக் கயிற்றால் பிணைத்துவிட்டால் கலம் ஆயத்தமாகிவிடும். அதற்கு உள்ளறை என ஒன்றில்லை. மேலே விழுந்த நீர் மரங்களின் இடைவெளி வழியே வழிந்துபோகும். அலை மோதும்போது கட்டு சற்றே இளகிக்கொடுத்து மீண்டும் இறுகும்.

கரை சேர்ந்ததும் செய்யும் வேலை இன்னும் குறிப்பிடத்தக்கது. கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் மேலேற்றி உலரவிடுவர். நீரூறிய மரம் கனத்துவிடுமாதலின் உலர்த்தாமல் மறுமுறை கடலிலே தள்ளலாகாது. மீண்டும் புறப்படும்போது மீண்டும் கட்டுவர். எனவே, ஒருமுறை செய்து முடித்துவிட்ட பொருளன்று கட்டுமரம். நேற்றுக் கட்டியது, இன்று கட்டுவது, நாளையும் கட்டவிருப்பது. வினைத்தொகையுள் மறைந்து நிற்கும் மூன்று காலங்களையும் பட்டினவர் நாள்தோறும் கடற்கரை மணலில் விரித்துக் காட்டி வந்தனர். இச்சொல்லின் உயிர் மரத்தில் இல்லை, கட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு நேர்ந்தது இன்னதென அறிய, இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

பழம்பெயர்களும் உடன்பிறந்த சொல்லும்

நெய்தல் பாடிய சங்கச் சான்றோர் பரதவர் கலத்தைத் திமில் என்றனர். அம்பி, தோணி, வங்கம், நாவாய் ஆகிய பெயர்களும் அவர் பாடல்களில் உண்டு. திமில் கட்டுமரமே எனக் கொள்வாரும் உளர். அன்று எனக் கொள்வாரும் உளர். கட்டுமரத்தின் கருத்தோடு நெருங்கி நிற்கும் பழஞ்சொல் புணை. பிணைத்தல் என்னும் பொருளின் வாசனை அதில் இருக்கிறது. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலில் ஆற்றுநீர் இழுத்த வழியே செல்லும் புணை உயிருக்கு உவமையாயிற்று. வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் சுற்றத்தைப் புணையாகவும், சினத்தை அப்புணையைச் சுடும் நெருப்பாகவும் கண்டார். பிணைத்த மரத்தைக் கண்ட தமிழ்ப் புலவர்க்கு உறவும் ஊழும் நினைவுக்கு வந்தன என்பது கருதத்தக்கது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘எரித்திரேயக் கடல் வழிகாட்டி’ என்னும் கிரேக்க நூல், கமரா, பொதுகே, சோபட்மா ஆகிய கீழைக்கரைத் துறைகளைக் குறிக்குமிடத்து, ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கர’ என்னும் பெருங்கலங்களைச் சுட்டுகிறது. சோபட்மா என்பது மாமல்லபுரத்துக்குத் தெற்கே இக்கரையிலுள்ள மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சங்கர என்பதனைத் தெப்பத்தைக் குறிக்கும் சங்காடம் என்னும் சொல்லோடு இணைத்துக் காண்பர். அச்சொல்லின் மலையாள வடிவத்தைக் கேட்ட போர்த்துக்கீசியர் ‘ஜங்காடா’ என்றனர். தம்முடன் அட்லாண்டிக் கடலைக் கடந்து பிரேசிலுக்கும் கொண்டுசென்றனர். பிரேசிலின் வடகிழக்குக் கரையில், மரங்களைப் பிணைத்துப் பாய் கட்டிக் கடலுக்குச் சென்ற மீனவர் தெப்பத்துக்கு அப்பெயரே வழங்கலாயிற்று. நாடும் கடலும் மாறினும் அச்சொல்லுக்குப் பொருள் மாறவில்லை. கட்டுமரத்தின் ஊழ் வேறு.

ஆங்கிலத்துள் புகுந்த வழி

வெனிசு நகரத்து மணிவணிகர் கஸ்பாரோ பால்பி 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்தார். 1590-இல் வெளியான தமது பயண நூலில், உருண்டை மரங்கள் ஏழினைச் சேர்த்துக் கட்டிய கலத்தை விளக்கி, அதன் பெயரைக் ‘கட்டமெரோனி’ என்று எழுதினார். தமிழ்ச் சொல் ஐரோப்பியர் காதில் விழுந்த பழஞ்சான்றுகளுள் இஃது ஒன்று.

ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் நிலம்பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கினர். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி வரை அங்குக் கட்டப்பட்ட துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கப்பலிலிருந்து பார்க்கும் புதியவர் கண்ணுக்கு இந்தியாவின் முதற்காட்சி, நீரின்மேல் அமர்ந்து வருவதுபோலத் தோன்றும் மனிதரே. கட்டுமரம் நீர்மட்டத்திலேயே மிதப்பதால் அலையிடையே மரம் தெரிவதில்லை; ஆள் மட்டுமே தெரிவான். ஓலையால் முடைந்த கூம்பு வடிவத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு அலை கடந்து கப்பலுக்குச் செல்லும் அம்மீனவரைப் பற்றிப் பயணிகள் பலர் வியந்தெழுதினர். பயணிகள் இறங்கியது மசூலா எனப்பட்ட தைத்த படகுகளில். செய்தி சென்றது கட்டுமரத்தில்.

1673-இல் இக்கரைக்கு வந்த ஜான் ஃபிரையர் என்னும் மருத்துவர் இச்சொல்லைத் தம் நூலில் எழுதினார். அந்நூல் அச்சேறியது 1698-இல். அதற்கு ஓராண்டு முன்னரே, 1697-இல், வில்லியம் டாம்பியரின் உலகப்பயண நூல் வெளிவந்தது. கடற்கொள்ளையர் கூட்டத்தோடு திரிந்து 1690-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தவர் அவர். பிற நாட்டு மரத்தெப்பங்களைப் பற்றி எழுதுமிடத்து, இத்தகையவற்றுள் சிறியவற்றைச் சோழமண்டலக் கரையில் கேட்டமரான் என்பர் எனக் குறித்தார். அந்நூல் பெரிதும் பரவியது. சொல்லும் பரவியது.

ஒலிமாற்றமும் நோக்கத்தக்கது. டகரம் மழுங்கியது, குற்றியலுகரம் அகரம்போல ஒலித்தது, இறுதி மகரம் னகரமாயிற்று. மகர இறுதி னகரமாவது தமிழ் இலக்கணம் அறிந்த போலியே. அறம் அறன் ஆனதுபோல மரம் மரன் ஆவதும் பழந்தமிழில் உண்டு. ஆகவே ஒலி அவ்வளவாகச் சிதையவில்லை. செங்கழுநீர்ப்பட்டு ‘சிங்கிள்புட்’ ஆனதைக் காட்டிலும் கட்டுமரத்துக்கு நேர்ந்த ஒலிச்சேதம் குறைவே. சேதமுற்றது பொருள். ஆங்கிலேயர் காதில் ‘கட்டு’ வினையாகக் கேட்கவில்லை. வெறும் ஓசையாகவே கேட்டது. அவ்வோசையின் முதற்பகுதி அவர்தம் மொழியில் பூனையைக் குறிக்கும் சொல்லாகவும் இருந்தது.

பல பொருள் ஒரு சொல்

நெப்போலியன் இங்கிலாந்தின்மேற் படையெடுக்க, பிரான்சின் பூலோன் துறையில் படகுகளைத் திரட்டியிருந்த காலம். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு போர்க்கருவி செய்துகொடுத்தார். ஈயத்தகடு வேய்ந்த நீண்ட பெட்டியுள் வெடிமருந்தும் கடிகாரப் பொறியும் இருந்தன. நீர்மட்டத்தோடு மிதக்கும் தாழ்ந்த தெப்பத்தில் அமர்ந்து மாலுமி அதனைப் பகைவர் கலத்தருகே இழுத்துச் செல்லவேண்டும். இதற்குக் ‘கேட்டமரான்’ என்று பெயர். 1804 அக்டோபர் 2 இரவு பூலோன் மீது இவை ஏவப்பட்டன. பெருஞ்சேதம் எதுவும் விளையவில்லை. ஏவியவரை அவர் நாட்டவரே எள்ளினர். ஓலைத் தொப்பியில் கடிதம் சுமந்த கலத்தின் பெயர், அலைமேல் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் ஒரே ஒற்றுமையால், வெடிமருந்துப் பெட்டிக்கு ஏறிற்று. புணையைச் சுடும் நெருப்பை வள்ளுவர் பாடினார். இங்கோ புணையின் பெயரே நெருப்புக்கு ஆயிற்று.

அடுத்து வந்தது வசைப்பொருள். 1811-இல் வெளிவந்த கொச்சைச் சொல் அகராதியொன்று, கேட்டமரான் என்பதற்கு வற்றி உலர்ந்த கிழவி என்று பொருள் தந்து, கப்பல் உடைந்தோரைக் காக்கக் கட்டும் தெப்பத்திலிருந்து வந்த வழக்கு என விளக்கியது. பின்னர்ச் சண்டைக்காரி என்னும் பொருள் வலுத்தது. 1830-களில் மாரியட் எழுதிய கடற்கதைகளிலும் இவ்வசை உண்டு. பூனையைக் குறிக்கும் ஆங்கில ஓசை இதற்குத் துணைசெய்திருக்கலாம். சண்டையிடும் பெண்ணை மீன்காரி என்று இழித்தலும் அம்மொழியின் வழக்கே. மாமல்லபுரக் கரையில் பிடித்த மீனை ஏலத்தில் எடுப்பவரும், கூடையிற் சுமந்து ஊரூராக விற்பவரும், வீட்டுப் பணத்தைக் கையாள்பவரும் பெரும்பாலும் பெண்டிரே. உரத்த குரல் அவர்க்குத் தொழிற்கருவி. கணவர் ஏறிய கலத்தின் பெயர் தொலைதூர நாட்டில் பெண்ணை ஏசும் சொல்லானதை அவர் அறியார்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் கேட்டமரான் என்பது பனிமேல் விறகு இழுக்கும் சறுக்கு வண்டியைக் குறித்தது. நாய்களோ குதிரையோ அதனை இழுக்கும். மீன்பிடிப்போரும் மாலுமிகளும் நிறைந்த அத்தீவுக்கு இச்சொல்லைக் கொண்டுசேர்த்தவர் கடலோடிகளாகவே இருத்தல்வேண்டும். பிரிட்டிஷ் கப்பல் தளங்களிலோ, கப்பலுக்கும் தளச்சுவருக்கும் இடையே மோதல் தடுக்க மிதக்கவிடும் மரக்கட்டை மேடைக்கு இப்பெயர் வழங்கிற்று.

இன்று உலகறிந்த பொருள் இவை அனைத்துக்கும் பிந்தியது. ஒன்றற்கொன்று இணையாக நிற்கும் இரண்டு உடல்களைக் குறுக்கே பாலமிட்டு இணைத்த கலம் அது. 1876-இல் நியூயார்க்குப் படகுப் பந்தயத்தில் நத்தானியேல் ஹெரஷாஃப் செய்த ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டையுடற் படகு மற்றவற்றை எளிதாக வென்றது. மறுப்பு எழுந்து பரிசை இழந்தது. அதன்பின் அவ்வகைப் படகுக்குக் கேட்டமரான் என்னும் பெயர் நிலைத்தது. சரியாக 100 ஆண்டு கழித்து, 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில், ‘டொர்னாடோ’ என்னும் இரட்டையுடற் படகு பந்தய வகையாகச் சேர்க்கப்பட்டது.

சொல்லின் பயணம் இத்துடனும் முடியவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் வாழ்ந்த விக்டர் செட்செட் என்பார் மூன்று உடல் கொண்ட படகைச் செய்து, அதற்கு ‘டிரைமரான்’ எனப் பெயரிட்டார். கட்டுமரத்தின் முற்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று என்னும் பொருளுடைய முன்னொட்டைச் சேர்த்தார். ‘மரன்’ என்பது ஆங்கிலத்தில் கலவுடலைக் குறிக்கும் ஈறாகிவிட்டது. மரமே இல்லாத கண்ணாடியிழைப் படகிலும் மரன் இருக்கிறது. பிணைத்தல் தொழிலைக் குறித்த கட்டு முற்றாக மறைந்தது. பிணைப்புக்காகப் பெயர்பெற்ற பொருளின் பெயரிலேயே பிணைப்பு அறுந்தது.

பெருமையும் மெய்ம்மையும்

இச்சொல்லைக் காட்டித் தமிழர் பெருமை பேசுவோர் சில வேளைகளில் எல்லை கடந்துவிடுகின்றனர். இரட்டையுடற் கலத்தை உலகுக்கு அளித்தவர் தமிழர் என்பர். சோழர் கடாரம் கொண்டது கட்டுமரங்களில் என்றும் எழுதுவர். இவற்றுக்குச் சான்றில்லை. இரு தோணிகளை இணைத்து ஓட்டும் கலையிற் சிறந்து நின்றவர் பசிபிக் தீவுகளின் பாலினீசியர். ஐரோப்பாவில் வில்லியம் பெட்டி 1660-களிலேயே இரட்டையுடற் கப்பல் கட்டிச் சோதித்தார். அதற்கு அவர் தமிழ்ப்பெயர் சூட்டவில்லை. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடாரப் படையெடுப்பைக் கூறுமிடத்துக் கலம் என்கிறதேயன்றிக் கட்டுமரம் என்னவில்லை. யானையும் படையும் ஏற்றிக் கடல் கடக்கும் கலம் அன்று கட்டுமரம்.

பொய்ப்பெருமையால் நேரும் இழப்பு ஒன்றுண்டு. இரட்டையுடற் படகுக்கு உரிமை கொண்டாடும்போது, உண்மையாகவே நம்முடையதான எளிய கலம் நம் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. துறைமுகமில்லாக் கரையில், ஆணியின்றி, அலையை எதிர்க்காமல் அலைக்கு இளகிக்கொடுத்து, அமிழவே அமிழாத கலத்தை அமைத்தது சிறிய அறிவன்று. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில், கீழைக்கரையின் கட்டுமரங்களை இடத்துக்கிடம் வேறுபடும் வகைகளாகப் பிரித்து ஆராய்ந்தார். பெரிய மரம், சின்ன மரம், பறக்கும் மீனாகிய கோலா பிடிக்கச் செல்லும் கோலாமரம் என மீனவர் தம் கலத்தை மரம் என்றே சுருக்கி வழங்கினர். ‘மரன்’ என்னும் ஆங்கில ஈறும் அதே சுருக்கம்தான். வேறுபாடு ஒன்று: மீனவர் கட்டு என்னும் சொல்லை விட்டாலும் கட்டுதலை விடவில்லை.

திரும்பி வரும் சொல்

அக்கட்டுதல் இன்று அருகிவிட்டது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிய வங்கக் கடல் திட்டம், அலை கடந்து மணலேறத்தக்க புதிய படகுகளைச் சோதித்தது. வெளிப்பொறி பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் மெல்லப் பரவின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையின் குப்பங்களில் எண்ணற்ற கட்டுமரங்களை உடைத்துக் கொண்டுபோயிற்று. துயர்துடைப்பாக வந்த கலங்களுட் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். அவற்றால் மீனவர் நெடுந்தொலைவு செல்ல முடிந்தது, உடலுழைப்பும் குறைந்தது. அதனைக் குறைகூறுதல் கரையில் நின்று பார்ப்பவர்க்கு எளிது. கடலுக்குப் போகிறவர்க்கு அன்று. கலம் மாறுவது தொழிலின் இயல்பு. கலத்தோடு சொல்லும் போய்விடவேண்டுமா என்பதே கேள்வி.

சொல் போகவில்லை, மாறிவந்து நிற்கிறது. 2012-இல் இந்தியக் கடற்படையிற் சேர்ந்த ‘மகர்’ என்னும் கடலளவைக் கப்பல் இரட்டையுடல் கொண்டது; ஆங்கில வழக்கில் அஃது ஒரு கேட்டமரான். இத்தகைய கலங்களைக் குறிக்கத் தமிழ்ச் செய்திகளும் விளம்பரங்களும் கேட்டமரான் என்றே எழுதக் காண்கிறோம். மாமல்லபுரத்து மாணவர் ஒருவர் அதனை ஆங்கிலச் சொல்லாகவே கற்கிறார். அதற்குள் தம் பாட்டனாரின் கயிறு இருப்பதை யாரும் அவர்க்குச் சொல்வதில்லை. சென்ற சொல் வட்டியோடு திரும்பிய செல்வம் என இதனைக் கொள்ளலாம். பெற்ற வீட்டில் விருந்தாளியாக நிற்கும் மகள் என்றும் கொள்ளலாம். முகம் தெரிந்தால் முதலாவது, தெரியாவிட்டால் இரண்டாவது.

மாமல்லபுரத்தில் கல்லிற் செதுக்கியவற்றை 1984 முதல் உலக மரபுச் சின்னமாகப் போற்றிவருகிறோம். அதே மணலில் மரத்திற் கட்டியவற்றைக் காக்க வேலியில்லை. காக்கத்தக்க இடம் சொல் ஒன்றே. இரட்டையுடற் கலத்தை இரட்டைக் கட்டுமரம் எனத் தமிழில் எழுதினால் குடிபெயர்ந்த பொருளும் பிறந்த சொல்லும் ஓரிடத்தில் சேரும். கட்டுமரத்தைக் கட்டுமரம் என்றே எழுதினால் அதனுள் மறைந்திருக்கும் முக்காலமும் பிழைத்திருக்கும். இவ்விரண்டையும் செய்ய அரசாணை வேண்டுவதில்லை. சொல்லைக் கையாளும் கவிஞர் நினைத்தால் போதும். கவிஞர் தொழிலும் அதுவே அன்றோ? உலர்ந்த சொற்களை எடுத்து, ஆணியடிக்காமல், இளக்கமாகவும் உறுதியாகவும் கட்டி, அலைமேல் விடுதல். கரை சேர்ந்தபின் அவிழ்த்து உலர்த்தி, மறுநாள் மீண்டும் கட்டுதல்.